யாரும் போனைத் தொடவில்லை

லிஃப்டுகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்கும் அந்த அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் மூச்சிரைக்க ஏறி வந்து, வரவேற்பு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, முதலில் தண்ணீர்தான் கேட்பார்கள். அந்த மேசைக்குப் பின்னால் ஒன்பது வருடம் பத்து மாதமாக உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் போனக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த ஆய்வாளரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

ஒன்பது வருடம் பத்து மாதம் என்பதை அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் ஒப்பந்தக்காரி. ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அவள் வேலை ஒரு நாள் அறுந்து, மறுநாள் மறுபடி ஒட்டும். அந்த அறுந்த நாளிலும் அவள் வந்து உட்கார்ந்திருப்பாள், ஏனென்றால் போனை எடுக்க வேறு ஆள் இல்லை. இப்படிப் பத்து வருடம் அறுந்து அறுந்து ஒட்டினால் நிரந்தரப் பணியாளர் ஆகலாம். அதற்கு மேலாளர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் அவருடைய மேசையில் ஒரு கண்ணாடி உருண்டைக்கு அடியில் இருந்தது. காப்பி கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் அவள் அதைப் பார்ப்பாள். கையெழுத்துக்கான கோடு காலியாக இருக்கும்.

மேலாளர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. விதிகள்மேல் உயிரையே வைத்திருந்தார், அவ்வளவுதான். தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால் அதை உட்கார்ந்து படிக்க மாட்டார், எழுந்து நின்று படிப்பார்.

அந்த வருடம் வந்த சுற்றறிக்கை மின்னலைப் பற்றியது. வேறொரு கிளையில் மின்னல் இறங்கித் தண்ணீர் குளிர்விக்கும் இயந்திரம் ஒன்று எரிந்துவிட்டது. செத்தது அது ஒன்றுதான். ஆனாலும் தலைமை அலுவலகத்துக்கு வந்த துக்கம் பன்னிரண்டு விதிகளாகப் பொங்கி வழிந்தது.

பழிக்கக் கூடாது, அவற்றில் பதினொன்று நல்ல விதிகள். இடிச் சத்தம் கேட்டதும் ஜன்னலை விட்டு விலக வேண்டும். மின் இணைப்பில் இருக்கும் எதையும் தொடக் கூடாது. குழாயைத் திறக்கக் கூடாது, கை கழுவக் கூடாது. கான்கிரீட் சுவரில் சாயக் கூடாது, உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிறது. கடைசி இடி கேட்ட பிறகும் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். நான்காவது விதி இது: பணியாளர்கள் எவரும் ஒயர் உள்ள தொலைபேசியைத் தொடக் கூடாது, ஒயர் வழியாக மின்னல் வரும். எழுதியவர் யாரோ விஷயம் தெரிந்தவர்.

பன்னிரண்டாவது விதியை எழுதியவர் வேறு ஆள். மேற்கண்ட விதிகள் கடைப்பிடிக்கப்பட்டன என்பதை முதல் இடி கேட்ட பத்து நிமிடத்துக்குள் தலைமை அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்க வேண்டும். அலுவலகத் தொலைபேசியிலிருந்து மட்டுமே தெரிவிக்க வேண்டும். கைபேசி செல்லாது. முன்பு ஓர் ஆய்வாளர் தன் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பதினாறாவது மாடியில் லிஃப்டின் தலைமேல் நிற்பதாகக் கைபேசியில் சொன்ன நாளிலிருந்து, தலைமை அலுவலகம் ஒயர் இருக்கும் போனை மட்டுமே நம்பியது.

முதல் இடி ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. மேலாளர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். பதினான்கு பேரும் ஜன்னல் இல்லாத பதிவறைக்குள் போனார்கள். சுற்றிலும் கான்கிரீட் சுவர், சுவரை ஒட்டி இரும்பு அலமாரிகள். எதிலும் சாயக் கூடாது என்பதால் எல்லோரும் நட்ட நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். போனக்காவும் உள்ளே போகப் போனாள்.

"நீங்க எங்க போறீங்க? பத்து நிமிஷத்துல தகவல் சொல்லணும்" என்றார் மேலாளர்.

"சார், நாலாவது விதி போனைத் தொடக் கூடாதுங்குது. பன்னெண்டாவது விதி போன் பண்ணுங்குது."

மேலாளருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அவர் நேற்றே அதை யோசித்து வைத்திருந்தார். "நல்லாப் படிங்க. 'பணியாளர்கள் எவரும்'னு போட்டிருக்கு. நீங்க பணியாளர் இல்லையே, ஒப்பந்தம்தானே."

பதிவறைக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். பிறகு போய் உட்கார்ந்து, பழுப்பு நிற ரிசீவரை எடுத்து எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் ஒரு பெண் எடுத்தாள்.

"விதிகள் ஒண்ணு முதல் பதினொண்ணு வரை கடைப்பிடிக்கப்பட்டது. யாரும் போனைத் தொடலை" என்றாள் போனக்கா.

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது. "நீங்களும் ஒப்பந்தமா?" என்று கேட்டது அந்தக் குரல்.

"ஆமாங்க."

"நானும்தான். பதிஞ்சுட்டேன். சீக்கிரம் வைங்க."

அடுத்த முறை இடி இடித்த நாளில் அவர்கள் பேச்சை இரண்டு சொல்லாகச் சுருக்கிவிட்டார்கள். இவள் "தொடலை" என்பாள், அவள் "பதிஞ்சாச்சு" என்பாள். இரண்டு ரிசீவரும் ஒரே நேரத்தில் டக்கென்று கீழே இறங்கும். முகம் தெரியாத அந்தப் பெண்ணோடு அவளுக்கு ஏற்பட்ட சிநேகம் மொத்தம் பதினைந்து நொடி இருக்கும். ஆனால் இடி இடிக்கும் நேரத்தில் அந்த அலுவலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே துணை அதுதான்.

மூன்றாவது முறை இடி இடித்த நாளில் ரிசீவரில் சடசடவென்று ஏதோ பொரிந்தது. காதில் ஊசி குத்தியதைப்போல ஒரு சுள்ளென்ற வலி. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தாள். காது மடலில் கடுகளவு சிவப்பாக இருந்தது. அவள் கணவன் லைன்மேன். கம்பத்தில் ஏறி மின்கம்பி இழுக்கிறவன். அவன் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தான்.

"நான் கம்பத்து உச்சியில வேலை பாக்குறவன். இடிச் சத்தம் கேட்டா நானே இறங்கி வந்துடுறேன். நீ நாற்காலியில உக்காந்துகிட்டு சாகப் போறியா?"

"இன்னும் ரெண்டு மாசம்தாங்க."

"மின்னலுக்கு உன் ரெண்டு மாசக் கணக்கு தெரியுமா? மேகம் கறுத்ததுமே ஒயரைக் கழட்டி வை. இடிக்க ஆரம்பிச்ச பிறகு அதுகிட்டயே போகாத."

"கழட்டினா வேலை போயிடும்."

அவன் கோபமாக எழுந்து போய்க் கை கழுவினான். அவளுக்கும் கோபம்தான். அவன்மேல் இல்லை, அந்தக் கண்ணாடி உருண்டைமேல்.

பத்து வருடம் நிறைவதற்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று மத்தியானம் மூன்று மணிக்கே தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்தன. எதிர்க் கட்டடத்துக் கண்ணாடிகள் கன்னங்கரேலென்று ஆயின. மூன்றரைக்கு முதல் இடி விழுந்தது. மேசையில் இருந்த பேனாக்கள் நடுங்கின. விசில் கேட்டது. பதினான்கு பேரும் ஓடிப் பதிவறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கதவைச் சாத்த வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை, பயத்தில் சாத்தினார்கள்.

போனக்கா ரிசீவருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாள். எடுக்காமலே அதற்குள் பொரிகிற சத்தம் கேட்டது. வெளியே வெளிச்சமும் இடியும் ஒன்றாக வந்தன. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணு முப்பத்தஞ்சு. இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்றார் மேலாளர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

"நான் தொட மாட்டேன் சார்."

அவருக்கு முதலில் புரியவில்லை. போனக்கா மாட்டேன் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. "என்ன?"

"பயமா இருக்கு சார். போன தடவையே காதுல பட்டுச்சு. இடி கொஞ்சம் அடங்கட்டும், பேசறேன்."

"அடங்கறவரைக்கும் பத்து நிமிஷம் காத்திருக்குமா? என் மேசையில உங்க தாள் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

ஒன்பது வருடம், பதினொரு மாதம், சொச்ச நாள். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு மூன்று மாடி ஓடி ஏறிய காலைகள் எல்லாம் அவள் கண்முன் வந்துபோயின. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடாதீங்க சார்" என்றாள். எழுந்து, மேசையை விட்டு நான்கு அடி தள்ளிப் போய், நடுக்கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மேலாளர் பதிவறைக் கதவைப் பார்த்தார். உள்ளே இருப்பவர்கள் எல்லாம் பணியாளர்கள், நான்காவது விதி அவர்களைத் தடுக்கிறது. இவள் மறுக்கிறாள். கடிகாரம் மூன்று முப்பத்தெட்டைத் தாண்டிவிட்டது. அவர் முகத்தில் பெரிய துயரம் தெரிந்தது. அந்தக் கிளையிலிருந்து இதுவரை ஒரு தகவலும் தாமதமானதில்லை. பிறகு ஒரு தெளிவு பிறந்தது. அந்த நேரத்திலும் அவர் சட்டம்தான் பேசினார்.

"நான் அதிகாரி. விதியில பணியாளர்னுதான் இருக்கு, அதிகாரின்னு இல்லை."

"சார், வேண்டாம் சார்" என்றாள் அவள். அது மனதார வந்த சொல். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தக் காது அவருக்கு முழுசாக வேலை செய்த கடைசி நிமிடம் அது.

எண்ணைச் சுழற்றினார். நிமிர்ந்து நின்று, ஒரு சொல் விடாமல், தெளிவாகச் சொன்னார்: "விதிகள் ஒன்று முதல் பதினொன்று வரை கடைப்பிடிக்கப்பட்டன. யாரும் போனைத் தொடவில்லை."

வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்தது. சத்தம் வந்ததா இல்லையா என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. மேலாளர் பின்னால் இருந்த நாற்காலியையும் சாய்த்துக்கொண்டு விழுந்தார். ரிசீவர் ஒயரில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. கருகிய பிளாஸ்டிக் வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

பதிவறைக் கதவு ஒரு சாண் திறந்தது. ஆய்வாளரின் முகம் எட்டிப் பார்த்தது. "தொடாதீங்க போனக்கா. உடம்புல கரண்ட் இருக்கும்."

"மின்னல் பட்டவங்க உடம்புல கரண்ட் நிக்காது. வந்து ஒரு கை பிடிங்க."

"அரை மணி நேரம் ஆகலையே" என்றார் ஆய்வாளர். கதவு மறுபடி மூடிக்கொண்டது.

அவள் தனியாகத்தான் அவரைத் திருப்பினாள். மூச்சு இருந்தது. நாடி பார்த்தாள், அதுவும் இருந்தது. இடது காதிலிருந்து ரத்தம் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கருகிய போனுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி, அவரைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிறகு தன் கைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். கைபேசிக்கு ஒயர் இல்லை. அது வருகிறவரைக்கும் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "சார், கண்ணைத் திறங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணைத் திறந்தபோது அவளுக்கு வந்த நிம்மதியைப் பார்த்தால், தாளை நிறுத்திவைத்திருந்த மனிதர் அவர்தானா என்று யாருக்கும் சந்தேகம் வரும்.

மேலாளர் பிழைத்துக்கொண்டார். இடது காது கேட்காமல் போயிற்று. பணியில் காயம்பட்டவர்களுக்கான விடுப்பு கேட்டு மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே விண்ணப்பித்தார். பத்தாவது நாள் பதில் வந்தது. அவர் திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அதைப் படித்தார். நிற்கிற தெம்பு இல்லை.

அன்று பிற்பகல் மூன்று முப்பத்தொன்பதுக்குத் தாங்களே தொலைபேசியில் அளித்த தகவலின்படி, தங்கள் அலுவலகத்தில் எவரும் தொலைபேசியைத் தொடவில்லை. எனவே தொலைபேசியால் தங்களுக்குக் காயம் ஏற்பட வாய்ப்பில்லை. இதை மறுப்பதாயின், நேரில் கண்ட பணியாளர் ஒருவரின் எழுத்துமூல வாக்குமூலத்தை இணைக்கவும்.

மேலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். பதிவறைக் கதவு சாத்தியிருந்தது, நாங்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள் எல்லோரும். ஆய்வாளர் தான் எட்டிப் பார்த்ததாகவும், ஆனால் அப்போது சார் கீழே கிடந்தார், போன் பக்கத்தில் இல்லை என்றும் நேர்மையாகச் சொன்னார். கடைசியாக மேலாளர் வரவேற்பு மேசைக்கு வந்தார். காதில் பஞ்சு இருந்தது. வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"நீங்கதான் பார்த்தீங்க. ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க."

"எழுதித் தர்றேன் சார்" என்றாள் போனக்கா. உண்மையிலேயே தர நினைத்தாள். அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஆனா பணியாளர் எழுதணும்னு போட்டிருக்கே சார். நான் ஒப்பந்தம்தானே."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அப்படியே குத்தியிருந்தாலும் யார் அவளைக் குறை சொல்ல முடியும்? மேலாளர் தன் அறைக்குப் போனார். கண்ணாடி உருண்டை மேசையில் உருண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து தாளை அவள் முன்னால் வைத்தார். கோட்டின்மேல் கையெழுத்து ஓடியிருந்தது. அவள் அந்தக் கோட்டை மூன்று தடவை பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து, நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதினாள். கீழே பணியாளர் என்று போட்டுக் கையெழுத்திட்டாள்.

தலைமை அலுவலகம் விசாரித்து, வருந்தி, சுற்றறிக்கையைத் திருத்தியது. பன்னிரண்டாவது விதி அப்படியே இருந்தது. பதின்மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: தொலைபேசியில் தகவல் தெரிவிப்பவர் ரப்பர் செருப்பு அணிந்திருக்க வேண்டும். எரிந்த போனுக்குப் பதிலாக அதே பழுப்பு நிறத்தில் வேறொன்று வந்தது.

போனக்காவுக்கு உள்ளே மேசை கிடைத்தது. வரவேற்பு மேசைக்கு ஒப்பந்தத்தில் புது ஆள் வந்தார். ஐம்பது வயது இருக்கும், வழுக்கை. வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்களாம். இரண்டே நாளில் எல்லோரும் அவரைப் போனண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவர் வந்த இரண்டாவது வாரம் இடி இடித்தது. விசில் ஊதியது. போனண்ணன் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். மேலாளர் வலது காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "அது பணியாளர்களுக்கு. நீங்க ஒப்பந்தம்தானே. செருப்பு போட்டுக்குங்க" என்றார். ஒரு காதைப் பறிகொடுத்த பிறகும் அதே சொற்கள், அதே குரல்.

போனக்கா அப்போது பதிவறைக்குள் நின்றுகொண்டிருந்தாள். முதல் முறையாக உள்ளே நிற்கிறாள். பதினான்கு பேரின் மூச்சில் அறை கதகதப்பாக இருந்தது. யாரோ எதற்கோ சிரித்தார்கள். இடிச் சத்தம் தூரத்தில் எங்கோ கேட்பதைப்போல இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எத்தனை நொடி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் இருந்தது. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, போனண்ணன் காதைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அவளைப் பார்த்துச் சிரித்துவைத்தார். அவள் அந்தச் சிரிப்பை அடையாளம் கண்டுகொண்டாள். ஒன்பது வருடம் பதினொரு மாதம் அவளிடம் இருந்த சிரிப்பு அது. வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

பிறகு பத்து நாள் வெயில் அடித்தது. பதினொன்றாவது நாள் காலை, பேருந்தை விட்டு இறங்கும்போதே மேற்கே கறுத்திருந்தது. இடி இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவள் எல்லோருக்கும் முன்னால் மூன்று மாடி ஏறினாள். வரவேற்பு மேசைக்கு அடியில் குனிந்து, சுவரிலிருந்து போன் ஒயரைக் கழற்றி, போனிலிருந்தும் கழற்றி, சுருட்டித் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள்.

பதினொரு மணிக்கு விசில் ஊதியது. போனண்ணன் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ரிசீவரை எடுத்தார். "சார், சத்தமே வரலை" என்றார்.

மேலாளர் வந்து குனிந்து பார்த்தார். சுவரில் ஒயர் இருந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருந்தது. அவர் நிமிர்ந்தபோது போனக்கா எதிரில் நின்றாள். பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதன் வாயிலிருந்து பழுப்பு நிற ஒயரின் முனை எட்டிப் பார்த்தது.

"லைன் போயிடுச்சு சார்."

மேலாளர் அவள் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். கை தானாகப் போய் இடது காதைத் தொட்டது.

"எப்போ சரியாகும்?"

"கடைசி இடி கேட்டு அரை மணி நேரத்துல."

அவர் பதிவேட்டைத் திறந்து, 'தொலைபேசி பழுது' என்று எழுதி, நேரம் போட்டார். அந்தக் கிளையின் முதல் தாமதம் அது. எழுதி முடித்த பிறகு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவரைப்போலப் பேனாவைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றார். ஜன்னலில் வெளிச்சம் வெட்டியது.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றாள் போனக்கா, பதிவறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு. "சுவர்ல மட்டும் சாயாதீங்க."